பேட்டனா, சேயர்ஸா? சிகாகோ பேர்ஸின் தலைசிறந்த ரன்னிங் பேக் யார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோ பேர்ஸ் அணியின் ரசிகர்கள் இருவர் சேர்ந்தாலே இந்தப் பேச்சு வந்துவிடும். புதிதாக அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கியவர்களும், பல ஆண்டுகளாகப் பார்ப்பவர்களும் எழுப்பும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தொகுத்துப் பதில் தந்திருக்கிறோம்.

1. ரன்னிங் பேக்னா யாரு? ஃபுட்பால்ல இப்படி ஒரு இடமே கேள்விப்பட்டதில்லையே.

இது காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. கையில் பந்தைப் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போகும். ஒரு யார்டு என்பது 3 அடி. எதிரணியின் பக்கத்து எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன், அதற்கு 6 புள்ளிகள்.

ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் வீரரான குவார்ட்டர்பேக்கிடமிருந்து பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவர்தான் ரன்னிங் பேக். ஓடுவதோடு அவர் வேலை முடிந்துவிடாது. பாஸ், அதாவது எறிந்த பந்தைப், பிடிக்க வேண்டும், குவார்ட்டர்பேக் பந்தை எறிய நிற்கும்போது அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருபவர்களை மறிக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் முடிவு அதில்தான் தங்கியிருக்கிறது.

2. எத்தனையோ டீம் இருக்கு. பேர்ஸ்ல மட்டும் ஏன் இந்த வாதம் ஓயவே மாட்டேங்குது?

1920-இல் தொடங்கிய அணி இது. பந்தோடு ஓடியவர்களில் ஏழு பேரின் எண்களை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அவர்களில் ஐந்து பேர்: பிரான்கோ நகுர்ஸ்கி (3), ஜார்ஜ் மெக்காஃபி (5), வால்டர் பேட்டன் (34), கேல் சேயர்ஸ் (40), ரெட் கிரேஞ்ச் (77). இந்த ஐவரும் ஹால் ஆஃப் ஃபேம் என்ற சிறந்த வீரர்களின் கௌரவப் பட்டியலில் இருப்பவர்கள்.

ஆனால் சண்டை பெரும்பாலும் இருவரைப் பற்றியதுதான். சேயர்ஸ் 1965 முதல் 1971 வரை, பேட்டன் 1975 முதல் 1987 வரை. புதிய வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் ஆண்டுத் தேர்வில், இருவரையுமே பேர்ஸ் முதல் சுற்றில் நான்காவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஒருவர் அடிபட்டுச் சீக்கிரம் முடிந்தவர், மற்றவர் 13 பருவங்கள் அசராமல் நின்றவர். எதைப் பெரிதென்று மதிக்கிறோமோ அதைப் பொறுத்துப் பதில் மாறுவதால்தான் பேச்சு முடிவதில்லை.

3. பேட்டன் 16,726 யார்டு, சேயர்ஸ் வெறும் 4,956. மூணு மடங்குக்கு மேல. இதுல பேச என்ன இருக்கு?

மொத்தக் கணக்கு யார் எவ்வளவு காலம் ஆடினார் என்பதைத்தான் முதலில் சொல்கிறது. பேட்டன் ஆடியது 190 ஆட்டங்கள், சேயர்ஸ் 68. ஆட்டத்துக்கு என்று பிரித்தால் பேட்டனுக்கு 88 யார்டு, சேயர்ஸுக்கு 73. இடைவெளி சட்டென்று சுருங்கிவிடுகிறது.

சேயர்ஸின் கடைசி இரண்டு பருவங்களில் முட்டிக் காயத்தோடு ஆடியது மொத்தம் நான்கே ஆட்டங்கள். அவற்றை விட்டுவிட்டு, இருவரின் முதல் ஐந்து பருவங்களை மட்டும் வைத்துப் பார்ப்பது நியாயமான ஒப்பீடு. சேயர்ஸ் 64 ஆட்டங்களில் 955 முறை ஓடி 4,866 யார்டு, ஆட்டத்துக்கு 76. பேட்டன் 73 ஆட்டங்களில் 1,548 முறை ஓடி 6,926 யார்டு, ஆட்டத்துக்கு 95. சமமான வயதிலும் பேட்டன் முன்னால்தான் நிற்கிறார், ஆனால் மூன்று மடங்கு அல்ல.

4. அப்போ ஒரு ஓட்டத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க. சேயர்ஸ் 5.0, பேட்டன் 4.4. சேயர்ஸ்தானே பெரியவர்?

இந்த எண்ணைத் தனியாக நம்பினால் ஏமாந்துபோவோம். சேயர்ஸ் ஆட்டத்துக்குச் சுமார் 15 முறை ஓடினார், பேட்டன் 20 முறை. அந்தக் கூடுதல் ஐந்து ஓட்டங்கள் எப்போது வருகின்றன என்று பாருங்கள். முன்னணியில் இருக்கும்போது நேரத்தைக் கரைக்க, அல்லது ஒரு யார்டு மட்டும் தேவைப்படும்போது, எதிரணி பதினோரு பேரும் ஓட்டத்தை எதிர்பார்த்து நெருக்கி நிற்கையில். அங்கே 2 யார்டு எடுத்தால் அது வெற்றி, ஆனால் சராசரியைக் கீழே இழுக்கும்.

பேட்டனால் சராசரியையும் தூக்க முடியும் என்பதற்கு 1977 சாட்சி. 14 ஆட்டங்களில் 339 முறை ஓடி 1,852 யார்டு, ஓட்டத்துக்கு 5.5. சேயர்ஸ் எந்தப் பருவத்திலும் 240 முறைகூட ஓடியதில்லை. ஆனாலும் 1968-இல் காயம்படும்வரை அவருடைய சராசரி 6.2. பேட்டன் எந்த ஆண்டிலும் அதைத் தொடவில்லை.

5. வேற வேற காலத்துல ஆடினவங்களை எப்படி ஒப்பிடுறது? விதியே மாறிடுச்சே.

மூன்றைச் சரிசெய்தால் போதும். முதலில் பருவத்தின் நீளம்: சேயர்ஸ் காலம் முழுக்க 14 ஆட்டங்கள், பேட்டனுக்கு 1977 வரை 14, பிறகு 16, வேலைநிறுத்தத்தால் 1982-இல் 9, 1987-இல் 15. ஆகவே பருவ மொத்தத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். அடுத்து தரை: சேயர்ஸ் 1970 வரை ரிக்லி ஃபீல்டின் புல்லிலும் சேற்றிலும் ஆடினார். 1971-இல் அணி சோல்ஜர் ஃபீல்டுக்கு மாறியது. அங்கே பேட்டன் ஓடியது செயற்கைப் புல்லில். வழுக்காது, வேகம் கூடும், ஆனால் விழுந்தால் உடம்பு உரியும்.

மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: லீகின் அளவு. சேயர்ஸ் இரண்டு முறை (1966, 1969), பேர்ஸ் ஆடும் லீகான என்.எஃப்.எல்.-இல் அதிக யார்டு ஓடியவர். பேட்டன் முழு லீகிலும் முதலிடம் பிடித்தது 1977-இல் மட்டும். இதைச் சொல்லிச் சேயர்ஸ் ரசிகர்கள் வாதத்தை முடிக்கப் பார்ப்பார்கள். ஆனால் 1966-இல் என்.எஃப்.எல்.-இல் இருந்தவை 15 அணிகள், ஏ.எஃப்.எல். என்ற போட்டி லீகில் தனியாக 9 அணிகள். அங்கே ஜிம் நான்ஸ் அதே ஆண்டு 1,458 யார்டு ஓடினார், சேயர்ஸ் 1,231. இரண்டு லீகுகளும் இணைந்த பிறகு ஆடிய பேட்டனுக்கு 28 அணிகளில் போட்டி, போட்டியாக ஓ.ஜே. சிம்ப்சன், ஏர்ல் கேம்பல் போன்ற ரன்னிங் பேக்குகள். 14 அணிகள் கொண்ட தன் பாதியில், அதாவது என்.எஃப்.சி.-யில், பேட்டன் 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் முதலிடம். சேயர்ஸின் 1966 பட்டத்தோடு ஒப்பிட வேண்டியது இதைத்தான். 1969 பட்டத்தை மட்டும் யாரும் குறைக்க முடியாது. அந்த ஆண்டு இரண்டு லீகிலும் ஆயிரம் யார்டு தாண்டியவர் சேயர்ஸ் ஒருவர்தான்.

6. முட்டியில அடிபடாம இருந்திருந்தா சேயர்ஸ் எங்கேயோ போயிருப்பாரே?

போயிருக்கலாம். 1968 நவம்பர் 10 அன்று, பருவத்தின் ஒன்பதாவது ஆட்டத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் வீரர் கெர்மிட் அலெக்சாண்டர் மோதியதில் வலது முட்டியின் தசைநார்கள் கிழிந்தன. அதுவரை ஒன்பது ஆட்டங்களில் 856 யார்டு. அன்று முட்டிக்குள் சிறு துளை போட்டுப் பார்க்கும் சிகிச்சையோ எம்.ஆர்.ஐ. படமோ இல்லை, முட்டியைத் திறந்து தைத்தார்கள். இன்று இதே காயத்திலிருந்து திரும்பி வருவது வழக்கம், அன்று அது அரிது.

அவர் அடுத்த ஆண்டே திரும்பி வந்து 1,032 யார்டு ஓடினார். அந்தப் பருவத்தில் பேர்ஸ் ஜெயித்தது ஒன்று, தோற்றது 13. ஓட்டத்துக்கு 6.2 ஆக இருந்தது 4.4 ஆகக் குறைந்திருந்தது. பழைய வேகத் திருப்பம் போய்விட்டது, பொறுமையாகத் தடுப்புகளின் பின்னால் காத்திருந்து ஓடினார். 1970-இல் இடது முட்டியும் போனது. நடக்காத பருவங்களுக்கு மதிப்பெண் தர முடியாது. ஆனால் 1-13 அணிக்காக, ஒரு முட்டி சரியில்லாமல், லீகிலேயே அதிக யார்டு ஓடியதற்குத் தரலாம். எங்களைக் கேட்டால், சேயர்ஸின் பருவங்களில் மதிப்புக் கூடியது 1965 அல்ல, 1969-தான்.

7. 68 ஆட்டம் மட்டும் ஆடினவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் எப்படிக் கிடைச்சுது?

இத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று அங்கே விதி இல்லை. 1977-இல் சேயர்ஸ் நுழைந்தபோது வயது 34. அவரைவிட இளம் வயதில் யாரும் நுழைந்ததில்லை.

ஓட்ட யார்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவருடைய மதிப்பு புரியாது. ஓட்டம், பாஸ், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடியது, எல்லாம் சேர்ந்து 9,435 யார்டு, ஆட்டத்துக்கு 139. பேட்டனுக்கு இதே கணக்கில் 21,803, ஆட்டத்துக்கு 115. மூன்றாம் கேள்வியில் பார்த்த வரிசை இங்கே தலைகீழாகிறது. தொடக்க உதைகளைத் திருப்பி ஓடியதில் சேயர்ஸின் வாழ்நாள் சராசரி 30.56 யார்டு, லீக் வரலாற்றிலேயே முதலிடம். அறிமுகப் பருவத்தில் 22 டச்டவுன்: ஓடி 14, பாஸ் பிடித்து 6, உதைகளைத் திருப்பி 2. அன்றைக்கு அது லீக் சாதனை.

8. ஒரே மேட்ச்ல ஆறு டச்டவுன் போட்டாராமே. எதிர்ல சொத்தை டீமா?

இல்லை. அதே 49ஏர்ஸ் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் பேர்ஸை 52-24 என்று நொறுக்கியிருந்தது. 1965 டிசம்பர் 12, ரிக்லி ஃபீல்ட், மழையில் ஊறிய தரை. பேர்ஸ் 61-20 என்று ஜெயித்தது.

ஆறும் வந்த விதத்தைப் பாருங்கள்: 80 யார்டு ஸ்கிரீன் பாஸ் (தடுப்பவர்களின் பின்னால் எறியும் குட்டைப் பாஸ்), அடுத்து 21, 7, 50, 1 யார்டு ஓட்டங்கள், கடைசியில் 85 யார்டு பன்ட் திருப்பல், அதாவது எதிரணி உதைத்துத் தள்ளிய பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடியது. பந்தோடு ஓடியது ஒன்பதே முறை, 113 யார்டு. மொத்தமாக அன்று 336. மற்றவர்கள் திரும்ப முயன்று சறுக்குகிறார்கள், இவர் மட்டும் வேகம் குறையாமல் வெட்டித் திரும்புகிறார். ஆறு டச்டவுன் போட்ட மற்றவர்களில் எர்னி நெவர்ஸும் (1929) டப் ஜோன்ஸும் (1951) அதைப் பேர்ஸுக்கு எதிராகவே போட்டார்கள். 2020-இல் ஆல்வின் கமாராவும் இந்தப் பட்டியலில் சேர்ந்தார்.

9. பேட்டனோட 275 யார்டு ஆட்டம் அதைவிடப் பெரிசா?

எங்கள் கணக்கில் ஆமாம். 1977 நவம்பர் 20, மினசோட்டா வைக்கிங்ஸ், அந்த ஆண்டு பிரிவுப் பட்டம் வென்ற அணி. பேட்டனுக்கு ஃப்ளூ காய்ச்சல். 40 முறை ஓடி 275 யார்டு. ஒரே ஆட்டத்தில் சிம்ப்சன் ஓடிய 273 என்ற சாதனை முறிந்தது. 2000 வரை அதை யாராலும் தாண்ட முடியவில்லை.

வித்தியாசம் ஸ்கோரில் இருக்கிறது: 10-7. சேயர்ஸ் போட்ட ஆறில் மூன்றைக் கழித்தாலும் பேர்ஸ் அன்று ஜெயித்திருக்கும். பேட்டன் அன்று கொஞ்சம் தளர்ந்திருந்தால் ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும், அந்த ஆண்டு 9 வெற்றி, 5 தோல்வியோடு பிளேஆஃப் என்ற பட்டச் சுற்றுக்கு நுழைந்த வாய்ப்பும் போயிருக்கும்.

10. பேட்டனுக்கு 1985 டீம் மாதிரி பெரிய டீம் அமைஞ்சுது. சேயர்ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே?

லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்ற அந்த 1985 அணி என்ற கொடுப்பினை வந்தது கடைசியில்தான். 1975 முதல் 1983 வரை பேட்டன் ஆடிய ஒன்பது பருவங்களில் பேர்ஸ் 61 ஜெயித்து 70 தோற்றது. அவருடைய 16,726 யார்டில் 11,625 அந்த ஆண்டுகளில் வந்தவை. எறிந்து ஆடத் தெரியாத அணி. எதிரணிக்கு அவர்தான் ஓடப்போகிறார் என்று தெரியும், தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. ஜிம்போ கோவர்ட், ஜே ஹில்கன்பெர்க் போன்றோர் கொண்ட பேர்பெற்ற முன்வரிசை திரண்டது 1983-க்குப் பிறகு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரன்னிங் பேக்குகள் 30 வயதில் தேய்ந்துபோவார்கள். பேட்டன் அந்த வயதில், 1983 முதல் 1986 வரையிலான நான்கு பருவங்களில், 5,989 யார்டு ஓடினார். அது சேயர்ஸின் மொத்த வாழ்நாள் கணக்கைவிட அதிகம். ஜிம் பிரவுனின் 12,312 யார்டு என்ற வாழ்நாள் ஓட்டச் சாதனையை 1984 அக்டோபர் 7 அன்று தாண்டியதும் இந்தக் காலத்தில்தான். 13 பருவங்களில் காயத்தால் தவறவிட்டது ஒரே ஓர் ஆட்டம், அதுவும் முதல் ஆண்டில்.

11. சூப்பர் பவுல்ல பேட்டன் ஒரு டச்டவுன்கூட போடலையே. பெரிய மேட்ச்ல சொதப்பினாரா?

1986 ஜனவரி 26, பேட்ரியாட்ஸை 46-10 என்று வென்ற ஆட்டம். பேட்டனுக்கு 22 ஓட்டங்களில் 61 யார்டு, டச்டவுன் இல்லை. தொடக்கத்திலேயே ஒரு முறை பந்தைத் தவறவிட்டார். பேட்ரியாட்ஸ் அதில் மூன்று புள்ளிகள் எடுத்தது. அது அவர் குறைதான். மற்றபடி பேட்ரியாட்ஸ் அவரை நோக்கியே ஆட்களைக் குவித்தது, அதனால் மற்றவர்களுக்கு வழி திறந்தது. ஒரு யார்டு தூரத்தில் பந்து இருந்தபோது அதை வில்லியம் பெர்ரி என்ற கனத்த தடுப்பு வீரர் கையில் கொடுத்தார்கள். அந்த முடிவுக்குப் பின்னாளில் பயிற்சியாளர் மைக் டிட்காவே வருந்தினார். சேயர்ஸ் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூட ஆடியதில்லை என்பதால், இந்தத் தலைப்பில் ஒப்பிடவும் ஒன்றுமில்லை.

12. பேட்டன் பந்தை நிறைய தவறவிடுவார்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. வாழ்நாளில் 86 முறை. ஓட்டமும் பிடித்த பாஸும் சேர்த்து 4,330 முறை பந்து கையில் வந்தது என்பதால், சுமார் 50 முறைக்கு ஒன்று. இன்றைய பயிற்சியாளர் இதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

காரணம் அவர் ஓடிய முறையிலேயே இருக்கிறது. ஒரு கையால் எதிராளியின் மார்பிலோ தலைக்கவசத்திலோ குத்தித் தள்ளுவார், பந்து மறு கையில் மட்டும் இருக்கும். ஓரக்கோட்டுக்கு வெளியே ஒதுங்கித் தப்பிக்காமல் உள்ளே திரும்பி மோதுவார். ஒவ்வொரு ஓட்டத்திலும் கூடுதலாக இரண்டு யார்டும், கூடவே கூடுதலாக இரண்டு அடியும் வாங்குவார். அந்தப் பிடிவாதத்தை மெச்சுகிறவர்கள் அதன் விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

13. கிரேஞ்ச், நகுர்ஸ்கி இவங்களை ஏன் யாரும் கணக்குலயே எடுக்கறதில்லை?

எண்கள் இல்லை என்பதுதான் முதல் தடை. லீக் அதிகாரபூர்வமாகப் புள்ளிவிவரம் எடுக்கத் தொடங்கியது 1932-இல். கிரேஞ்ச் பேர்ஸுக்கு வந்தது 1925-இல். அவருடைய பெருமை யார்டில் இல்லை. கல்லூரி ஆட்டத்துக்கு மட்டுமே கூட்டம் வந்த நாளில் தொழில்முறை ஆட்டத்துக்கு மக்களை இழுத்து வந்தவர் அவர். 1927-இல் முட்டி அடிபட்ட பிறகு ஓட்டம் குறைந்தது, தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரராக மாறினார். 1933 இறுதி ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸின் கடைசி முயற்சியைச் சாய்த்து 23-21 வெற்றியைக் காத்தது அவர்தான்.

நகுர்ஸ்கி ஃபுல்பேக் (மற்ற ஓட்டக்காரருக்கு முன்னால் போய் வழி உடைப்பவர்), தாக்குதலிலும் தடுப்பிலும் ஆடியவர். 1934-இல் பியட்டி ஃபெதர்ஸ் 1,004 யார்டு ஓடி, ஒரு பருவத்தில் ஆயிரத்தைத் தாண்டிய முதல் வீரரானார். அவருக்கு முன்னால் போய் வழி உடைத்துக் கொடுத்தது நகுர்ஸ்கி. ஒரு முழுமையான கால்பந்து வீரராகப் பார்த்தால் அவருக்கு மூன்றாம் இடம் தருவோம். ஓட்டக்காரராக மட்டும் பார்த்தால் வரிசைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை.

14. மேட் ஃபோர்ட்டேக்கு இந்தப் பட்டியல்ல இடம் உண்டா?

உண்டு, முதல் இருவருக்குக் கீழே. பேர்ஸுக்காக 8,602 யார்டு. பேட்டனுக்கு அடுத்து அணியில் அதிகம் இவருடையதுதான். 2014-இல் மட்டும் 102 பாஸ் பிடித்தார். பேர்ஸில் எட்டுப் பருவங்களில் 487 பாஸ், பேட்டன் 13 பருவங்களில் 492. ஓட்டத்தில் எட்டாவிட்டாலும் பாஸ் பிடிப்பதில் பேட்டனுக்கு இணையாகச் சொல்லத் தகுந்தவர்.

15. எம்மிட் ஸ்மித் 2002-லயே சாதனையை முறியடிச்சுட்டாரே. அப்புறமும் பேட்டன் புராணம் எதுக்கு?

இங்கே கேள்வி பேர்ஸுக்குள் யார் என்பது. வேறு அணிகளுக்கு ஆடிய ஸ்மித்தின் 18,355 யார்டு அதைத் தொடாது. மொத்தக் கணக்கை மட்டும் நம்பி பேட்டனை ஆதரிப்பவர்களுக்குத்தான் இது சங்கடம். மூன்றாம் பதிலில் சொன்னதை ஏற்றவர்களுக்கு இல்லை.

16. சுத்தி வளைக்காம சொல்லுங்க. யாரு?

பேட்டன். யார்டுக்காக அல்ல. பந்து கையில் இல்லாதபோது அவர் செய்ததற்காக. பாய்ந்து வரும் லைன்பேக்கரை (எதிரணியின் தடுப்பு வீரரை) மறிக்க அவர் ஒதுங்கியதில்லை. தோளைக் கொடுத்து எதிரே போய் மோதினார். தேவைப்பட்டபோது எறிந்தார்: எட்டு டச்டவுன் பாஸ்கள். 1984 டிசம்பரில் குவார்ட்டர்பேக்குகள் அடிபட்டுக் கிடந்தபோது கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிராக அந்த இடத்திலும் நின்றார். அணிக்கு எது இல்லையோ அதைச் செய்த ரன்னிங் பேக் பேர்ஸில் வேறு யாரும் இல்லை.

பந்தோடு திறந்த வெளியில் ஓடுவது மட்டும்தான் கேள்வி என்றால் பதில் மாறும். 80 யார்டு போக வேண்டும், ஒரே ஒரு முறைதான் பந்து கிடைக்கும் என்றால், 1968 நவம்பருக்கு முந்தைய சேயர்ஸிடம் கொடுப்போம். அதில் எங்களுக்குள் இரண்டாவது கருத்தே இல்லை.

17. பழைய வீடியோ பார்த்து நானே முடிவு பண்ணணும். எதைப் பார்க்கணும், எதைக் கவனிக்கணும்?

சேயர்ஸுக்கு, எட்டாம் பதிலில் சொன்ன 85 யார்டு பன்ட் திருப்பல். பந்தைப் பார்க்காமல் கால்களைப் பாருங்கள். திரும்புவதற்கு முன் மற்றவர்கள் எட்டுகளைச் சுருக்கி வேகத்தைக் குறைப்பார்கள். இவர் குறைக்க மாட்டார். தோள் ஒரு பக்கம் போவதாகக் காட்டும், இடுப்பு மறு பக்கம் போய்விடும்.

பேட்டனுக்கு, 1977-இல் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிரான 18 யார்டு ஓட்டம். தூரம் சிறியது. ஆனால் ஒருவர் பின் ஒருவராகப் பிடிக்கிறார்கள், முட்டியை மடக்காமல் விறைப்பாக எட்டு வைக்கும் அந்தக் கால்கள் நிற்கவே இல்லை. அதைப் பார்த்த பிறகு, ஏதாவது ஒரு முழு ஆட்டத்தின் பதிவில், அணி பாஸ் எறியும்போது 34-ஆம் எண் எங்கே போகிறது என்று மட்டும் தொடருங்கள். முதல் கால்பகுதியில் எத்தனை பேரை மறித்தார், அதில் எத்தனை பேர் தரையில் விழுந்தார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தொகுப்பு வீடியோக்களில் அந்தக் காட்சிகளைச் சேர்க்க மாட்டார்கள்.